கக்குவானைக் கொண்டுவந்தது யார்

தாஸா நகரின் மேட்டுப்பகுதியில் இருக்கும் பெண்களுக்கான ஆவிக்குளியல் கூடமான ஹம்மாமில், ஷாமாவிடம் துணிமூட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்களுக்கு ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்தது கிடையாது. ஆவியில் ஊறிச் சிவந்து, ஈரத்தலையோடு வெளியே வருகிறவர்கள் மூட்டையை வாங்கும்போது ஷாமாவின் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கண் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கும்: நீ எதையோ மறைக்கிறாய் என்று.

"இந்தத் துண்டு போன வாரம் உன்கிட்ட இல்லையே?"

"புதுசு வாங்கினேன் லல்லா ஷாமா."

"புதுசுன்னா ஓரம் ஏன் பிரிஞ்சிருக்கு?"

இருபத்துமூன்று வருஷமாக வாசலை ஒட்டிய மேடையில், துணி அடுக்குகளுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். எந்த முடிச்சு யாருடையது என்று தெரியும். யார் வீட்டில் சண்டை, யார் புருஷன் வேலையை விட்டான் என்பதெல்லாம் முதுகு தேய்க்கிற பெண்களுக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். யாரும் வந்து சொல்வதில்லை. அவளாகக் கண்டுபிடிப்பாள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவியாக இருந்தாள். ஒருநாள் அவன் சட்டையைத் துவைக்கும்போது, நான்கு பொத்தான்கள் வெள்ளை நூலிலும் ஒன்று மட்டும் சாம்பல் நூலிலும் தைத்திருப்பதைப் பார்த்தாள். அவள் வீட்டில் சாம்பல் நூலே இல்லை. கேட்டதற்கு அவன் சிரித்தான். அவள் அம்மா, பைத்தியமா உனக்கு என்றாள். ஒரு மாதம் கழித்து, நாதோரில் அவனுக்கு இன்னொரு வீடும் இன்னொரு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருப்பது தெரிந்தது. தலாக் ஆகி, ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து யார் சொல்லையும் நம்புவதில்லை. தன் சந்தேகத்தை மட்டுமே நம்பினாள்.

அம்மாவும் அப்பாவும் போனபிறகு அந்த வீட்டில் அவளும் தம்பி அல்லாலும்தான். அல்லால் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்கிறவன். வாயில்லாப் பூச்சி. முப்பத்தெட்டு வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டான், அதுவும் மலைக்கு அந்தப் பக்கம், பேரீச்சந்தோப்புகள் உள்ள எர்ஃபூதிலிருந்து. பெண் பெயர் ஹானியா. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் நாள் முழுக்க வாயைத் திறக்கமாட்டாள். இப்படி ஒரு பெண் வீட்டுக்கு வந்தால் ஷாமா என்ன நினைப்பாள்? மனசுக்குள் என்னவோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

அந்த வருஷம் குளிர் முன்னதாகவே இறங்கியது. ஹானியாவுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தபோது ஷாமாவுக்கு மூக்கு ஒழுகியது. எல்லாருக்கும் வருகிற ஜலதோஷம். நாலைந்து நாளில் மூக்கு நின்றது, இருமல் தங்கிவிட்டது. முதலில் லேசான செருமல். பிறகு அது வேறு மாதிரியானது. பகலெல்லாம் ஒன்றும் இருக்காது. திடீரென்று தொண்டைக்குள் இறகு விழுந்ததுபோல் ஒரு கிச்சுகிச்சு, உடனே ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து இருமல், நடுவில் மூச்சுவிடக்கூட இடம் தராமல். கண்ணில் நீர் வந்து, விலா வலித்து, கடைசியில் ஒரு நீளமான இழுப்போடு மூச்சு உள்ளே போகும். அடுத்த நிமிஷம் ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பாள். இரண்டு தடவை இருமி முடித்ததும் குடித்த சூப்பை வாந்தியெடுத்தாள்.

"டாக்டரைப் பாரேன் அக்கா," என்றான் அல்லால்.

"உள்ள கொதிக்கிற ஆவி, வெளிய பல்லைக் கிட்டுற காத்து. நடுவுல உக்காந்திருக்கிறவ இருமாம என்ன பண்ணுவா? டாக்டர் என்ன, கதவை அடைச்சுத் தருவாரா?"

ஓமச்செடி இலையைக் காய்ச்சித் தேன் விட்டுக் குடித்தாள். மற்ற யார் இருமினாலும் எங்கே வாங்கினாய், யார் வீட்டுக்குப் போனாய் என்று குடைகிறவள், தன் இருமலை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

இருமல் தொடங்கி இரண்டு வாரத்தில் ஹானியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. துரியா என்று பெயர். ஏழாம் நாள் ஆடு அறுத்து விருந்து வைத்தார்கள். ஷாமா தன் பச்சைக் கஃப்தான் அங்கியைப் போட்டுக்கொண்டு, குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, வந்த பெண்களுக்கு நடுவே நின்று வீடு அதிரக் குலவையிட்டாள். நடுவே இருமல் வந்தது. தலையை ஒரு பக்கம் திருப்பி இருமிவிட்டு மறுபடி குலவையிட்டாள். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவள். அந்தச் சின்ன மண்டையின் வாசனை அவளை என்னவோ செய்தது. அன்று முழுக்கக் குழந்தையைக் கீழே விடவில்லை.

மறுநாளிலிருந்து ஹானியாவின் போக்கு மாறியது. அதை ஷாமா உடனே கவனித்தாள்.

"குடு இப்படி, கொஞ்ச நேரம் வச்சுக்கறேன்."

"இப்பதான் தூங்கினா அக்கா."

சாயங்காலம் கேட்டால், பால் குடிக்கிறாள். காலையில் கேட்டால், உடம்பு துடைக்க வேண்டும். அறை வாசலில் திரை தொங்கியது. ஷாமா இருமினால் திரைக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். உள்கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். அவள் வெந்தயமும் பருப்பும் போட்டுக் கோழி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஹானியா தட்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.

"உன் பொண்டாட்டிக்கு நான் வேண்டாதவளாயிட்டேன்," என்றாள் தம்பியிடம். "பிள்ளையை என்கிட்டேருந்து பிரிக்கப் பாக்கறா. இன்னும் ரெண்டு மாசத்துல உன்னையும் கூட்டிக்கிட்டு எர்ஃபூதுக்கு ஓடிடுவா, பாத்துக்கோ."

"அவளுக்குப் பேசத் தெரியாதுக்கா, அவ்வளவுதான்."

"பேசத் தெரியாதவங்கதான் காரியம் பண்ணுவாங்க."

குழந்தைக்குப் பதினேழு நாளானபோது பக்கத்து வீட்டு கெல்தூம் பார்க்க வந்தாள். மகனோடு இரண்டு மாதமாக உஜ்தாவில், காலொடிந்த தன் அம்மாவின் வைத்தியத்துக்குத் துணையிருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். அவளுடைய ஏழு வயது மகனும் கூட வந்தான். அவன் எப்போதும் கரகரவென்று இருமுகிற பிள்ளை. கெல்தூம் தொட்டிலுக்குள் குனிந்து, "யா அல்லாஹ், என்ன அழகு! கண்ணைப் பாரு, மான்குட்டி மாதிரி!" என்றாள். கண் படாமலிருக்கச் சொல்கிற மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை. ஷாமா காத்திருந்தாள். கெல்தூம் பலகாரம் தின்றாள், தேநீர் குடித்தாள், போயும் போய்விட்டாள். கடைசிவரை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் துரியாவின் மூக்கு ஒழுகியது. தும்மினாள். பால் குடிக்கும்போது அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வாரத்தில் சின்னச் சின்ன இருமல். அப்புறம் ஒருநாள் மத்தியானம் ஹானியாவின் அலறல் கேட்டு ஷாமா திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். குழந்தை வாயைத் திறந்திருந்தது, சத்தமில்லை. முகம் மாதுளைபோல் சிவந்து, உதட்டைச் சுற்றி நீலம் பரவியது. ஹானியா முதுகைத் தேய்த்து, பக்கவாட்டில் சாய்த்து, காலைச் சுண்டினாள். ஒரு பொட்டு நேரம். பிறகு குழந்தை இழுத்து மூச்சுவிட்டு, வாயோரம் பசைபோல் சளி வழிய, களைத்துத் தூங்கிவிட்டது.

ஷாமாவின் மனசு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த கெல்தூமை மதில்மேல் கைவைத்து மறித்தாள்.

"ஏடி, எங்க வீட்டுக்கு என்னத்தைக் கொண்டாந்தே?"

"சர்க்கரைக் கூம்பு ஒண்ணும் குட்டிச் சட்டை ஒண்ணும் கொண்டாந்தேன். ஏன், போதலையா?"

"கண்ணைக் கொண்டாந்தே. கூடவே உன் பையனோட இருமலையும் கொண்டாந்தே. வாயைத் திறந்து ஒரு மாஷா அல்லாஹ் சொல்ல உனக்கு நாக்கு இல்லையா?"

"மனசுக்குள்ள சொன்னேன்!"

"மனசுக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கும்?"

"அல்லாஹ்வுக்குக் கேக்கும். உனக்குக் கேக்கணும்னு அவசியமில்லை." கெல்தூம் ஈரத்துணியை உதறினாள். "என் பையன் பொறந்ததுலேருந்து இருமறான், பரம்பரை இழுப்பு, ஊருக்கே தெரியும். உன் இருமலை முதல்ல கேளு. சுவத்துக்கு இந்தப் பக்கம் எங்களால சாப்பிடக்கூட முடியல."

"என் இருமல் ஆவி இருமல்!"

"ஆமா, ராணி இருமல்."

இரண்டு வீடுகளுக்கும் பேச்சு நின்றது. ஷாமா கண்ணேறு கழிக்கப் படிகாரத்தையும் ஹர்மல் விதையையும் நெருப்பில் போட்டுத் தொட்டிலைச் சுற்றி மூன்று வேளை புகை காட்டினாள். புகையில் குழந்தை இன்னும் மோசமாக இருமியது. அதையும் கெல்தூமின் கணக்கில் சேர்த்தாள்: கண் இறங்குகிறபோது அப்படித்தான் படுத்தும். பள்ளத்துச் சந்தையில் ஒரு குடியானவனிடம் சொல்லிவைத்துக் கழுதைப்பால் வாங்கிவந்து, அதில் தேன் குழைத்துச் சங்கில் ஊற்றினாள்.

ஹானியா அன்றுதான் முதல்முறையாக எதிர்த்துப் பேசினாள்.

"வேண்டாம் அக்கா."

"என்ன வேண்டாம்? காலங்காலமா இந்த இருமலுக்கு இதுதான் மருந்து."

"எந்த இருமலுக்கு?"

ஷாமா சங்கைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

"எந்த இருமலுக்குன்னு சொன்னீங்க அக்கா?" ஹானியா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ள போகாது."

இவளுக்குக் குழந்தை பிழைக்க வேண்டாமா என்ற எண்ணம்கூட அப்போது ஷாமாவுக்கு வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வந்தது.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகக் கிளம்பிய ஷாமா தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, வீட்டுக் கதவு திறந்து ஹானியா வெளியே வருவதைக் கண்டாள். இடுப்பில் கனத்த சால்வைப் பொதிக்குள் குழந்தை. தோளில் பை. இரண்டு பக்கமும் பார்த்தாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள், வேகமாகக் கீழ்ப்பக்கம் நடந்தாள்.

ஷாமா அப்படியே சுவரோரம் ஒதுங்கினாள். நாதோர் லாரிக்காரனைப் பிடித்த அதே சிலிர்ப்பு. கீழே பேருந்து நிலையம்; எர்ஃபூதுக்குப் போகிற வண்டி பத்தரைக்கு. ஹம்மாம் கிடக்கட்டும் என்று அவள் பின்னால் நடந்தாள். ரொட்டிச் சூளையைத் தாண்டி, தோல்கடைகளைத் தாண்டி, படிகளில் இறங்கி, இருபதடி இடைவெளி விட்டு. இருமல் வந்தபோது ஜெல்லாபா அங்கியின் கைப்பகுதியை வாயில் திணித்து அடக்கிக்கொண்டாள்.

ஹானியா பேருந்து நிலையத்துக்குத் திரும்பவில்லை. அரசு சுகாதார நிலையத்தின் பச்சைக் கதவுக்குள் நுழைந்தாள்.

உள்ளே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர். ஷாமா நேராகப் போய் அவள் எதிரே நின்றாள்.

"யார்கிட்டக் கேட்டு வந்தே?"

ஹானியா பதில் சொல்வதற்குள் குழந்தைக்கு வந்துவிட்டது. மூன்று சின்ன இருமல், அப்புறம் சத்தமில்லாத அந்த வாய், நீலம். பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்தார்கள். உள்ளேயிருந்து கனத்த உடம்புள்ள நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து குழந்தையை வாங்கினாள். நஸீஹா என்று சட்டையில் எழுதியிருந்தது. தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்து, முதுகை விரலால் தேய்த்து, சின்னக் குழாயால் வாயில் இருந்த சளியை உறிஞ்சி, மூக்கருகே பிராணவாயுக் குழாயைப் பிடித்தாள். குழந்தை மூச்சு விட்டது. நீலம் வடிந்தது.

அந்தப் பதற்றத்தில் ஷாமாவால் அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், ஒரே மூச்சில், ஒடிந்துவிடுவதுபோல். கடைசியில் அந்த நீளமான இழுப்பு, சேவல் கூவி நிற்பதுபோல, அறை முழுக்கக் கேட்டது.

நர்ஸ் தலையைத் திருப்பினாள். ஹம்மாம் வாசலில் ஷாமா மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது. அதை ஷாமா முதல்முறையாக எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள்.

"எத்தனை நாளா இருமறீங்க?"

"ரெண்டு நாளா."

"ஏழு வாரமா," என்றாள் ஹானியா. "குழந்தை பொறக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னால ஆரம்பிச்சது. நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டு வர்றேன்."

"ஆவி இருமல்," என்றாள் ஷாமா. "நான் ஹம்மாம்ல வேலை பாக்கறேன்."

"ஆவி இப்படிக் கூவாது," என்றாள் நஸீஹா. ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதறே? என் பேரை எதுக்கு எழுதறே?"

"வீட்டுல இருக்கிற எல்லார் பேரையும் எழுதறேன். இது கக்குவான் மாதிரி இருக்கு. பெரியவங்களுக்கு வந்தா இருமிக்கிட்டே நடமாடுவாங்க. இத்தனூண்டு குழந்தைக்கு வந்தா இருமக்கூடத் தெம்பில்லாம மூச்சு நின்னுபோகும். தடுப்பூசி ரெண்டாம் மாசம்தான் ஆரம்பம். இவளுக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் ஆகுது. இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்."

வண்டி வருகிறவரை மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஷாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "எண்ணிக்கிட்டு வந்தியா," என்றாள். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எங்க ஊர்ல இதை ஊளையிருமல்னு சொல்வாங்க. என் தம்பி இதுலதான் போனான். சத்தம் எனக்குத் தெரியும்." ஹானியாவின் குரல் ஏறவில்லை. "ஏழாம் நாள் விருந்துல நீங்க இருமினதைக் கேட்டதும் பிள்ளையை உங்ககிட்டேருந்து தள்ளி வைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா உங்ககிட்ட யாருக்கா சொல்றது? உங்களால என் பிள்ளைக்கு வந்துடும்னு நான் சொல்லியிருந்தா, என்னை இந்த வீட்டுல விட்டுவச்சிருப்பீங்களா?"

வெளியே வண்டிச் சத்தம் கேட்டதும் ஷாமா எழுந்து ஹானியாவின் பையைத் தூக்கிக்கொண்டாள்.

மாகாண ஆஸ்பத்திரியில் துரியா பதினாறு நாள் இருந்தாள். மூக்கில் பிராணவாயு, காலில் ஒரு கம்பி, ஒவ்வொரு தடவை மூச்சு தயங்கும்போதும் கத்துகிற பெட்டி. ஹானியா பாலைக் கறந்து, ஒரே தடவையில் நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி புகட்டினாள். இருமல் மருந்து எதுவும் தரக்கூடாது என்றார் குழந்தைகள் டாக்டர். புகை ஆகவே ஆகாது, ஒரு வயசுவரை தேன் கூடாது என்றும் சொன்னார். புகை என்ற இடத்தில் அல்லால் அக்காவைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டிலிருந்த எல்லாருக்கும் ஐந்து நாள் மாத்திரை. அதையும் அவள் விடவில்லை. "எனக்கு இருமல், சரி. அல்லாலுக்கு ஒண்ணுமே இல்லையே, அவனுக்கு எதுக்கு? மிச்சம் கிடக்குதுன்னு தள்ளிவிடறீங்களா?"

"அவருக்குள்ள இருந்தா வெளிய தெரியறதுக்குள்ள அழிக்கத்தான்," என்றார் டாக்டர். "இருமல் முத்தினபிறகு இந்த மாத்திரை இருமலை நிறுத்தாது. அடுத்தவங்களுக்குப் பரவறதைத்தான் நிறுத்தும். இருமல் மெதுவாத்தான் போகும். மாசக்கணக்காகூட இழுக்கும்."

குழந்தையின் மூக்கிலிருந்தும் ஷாமாவின் மூக்கிலிருந்தும் குச்சியால் சளி எடுத்து ஃபெஸ் நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கெல்தூமின் பையனையும் நஸீஹா விடவில்லை. வீட்டுக்கே போய்ப் பரிசோதித்தாள். முடிவுகள் வந்தபோது ஷாமா சுகாதார நிலையத்தில் நர்ஸின் மேஜைக்கு எதிரே இருந்தாள்.

குழந்தைக்குக் கக்குவான் உறுதி. கெல்தூமின் பையனுக்கு இல்லை. ஷாமாவுக்கும் இல்லை.

"இல்லையா?" ஷாமா தாளைப் பறிக்காத குறையாக வாங்கினாள். "பாரு! என்கிட்ட இல்லைன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. நான் சொன்னேனா இல்லையா, ஆவின்னு?"

"இத்தனை வாரம் கழிச்சு எடுத்தா பெரும்பாலும் அகப்படாது லல்லா. கிருமி முதல் மூணு வாரம்தான் நிறைய இருக்கும், பரவறதும் அப்பத்தான். அது போனபிறகும் இருமல் நிக்காது."

"அப்ப நான்தான்னு உன்னால சொல்ல முடியுமா?"

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது," என்றாள் நஸீஹா. "ஒருத்தர்கிட்டேருந்து தொத்தினா, மூக்கு ஒழுக ஆரம்பிக்க ஒரு வாரம் பத்து நாளாவது ஆகும். சிலருக்கு இன்னும் கூட ஆகும். அதை வச்சு நீங்களே பாத்துக்குங்க."

ஷாமா தாளை மடித்து மார்புத்துணிக்குள் வைத்துக்கொண்டு மேட்டை ஏறினாள். விடுதலையான கைதிபோலத்தான் முதல் பத்து படிகள் ஏறினாள். ஆனால் அவள் புத்தி சும்மா இருக்கிற புத்தி இல்லை. கெல்தூம் வந்தது பதினேழாம் நாள். மூக்கு ஒழுகியது இருபதாம் நாள். நடுவில் மூன்றே நாள். ஒரு வாரம்கூட இல்லை. அதற்கு முன்னால் இரண்டு மாதம் கெல்தூமும் பையனும் ஊரிலேயே இல்லை. அல்லால் இருமவில்லை, ஹானியா இருமவில்லை. ஏழாம் நாளிலிருந்து இருபதாம் நாள்வரை எண்ணினாள். பதின்மூன்று. ஏழாம் நாள் குழந்தையை நாளெல்லாம் கையில் வைத்திருந்தது யார்? தனக்கு இருமல் தொடங்கி அன்றைக்கு எத்தனை வாரம்? மூன்று. அந்தப் பச்சைக் கஃப்தானையும், குலவைக்கு நடுவே ஒரு பக்கமாகத் தலை திருப்பியதையும், திருப்பிய தலை எவ்வளவு தூரம் திரும்பியது என்பதையும் நினைத்துப் பார்த்தாள்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கிழவன் நின்று, "மயக்கமா மகளே?" என்று கேட்டான். இல்லை என்று கையசைத்தாள். மற்றவர்களைப் பிடித்துத் தூக்கில் போட இதில் பாதிச் சாட்சி அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹானியாவிடம் தாளை நீட்டினாள்.

"என்கிட்ட இல்லைன்னு போட்டிருக்கு."

ஹானியா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தாள் பொய் சொல்லுது," என்றாள் ஷாமா. "நான் எண்ணிப் பாத்துட்டேன். நான்தான்."

ஹானியா அழுதாள். ஷாமாவுக்கு அழத் தெரியாது, இருமல்தான் வந்தது. வராந்தாவின் மறுகோடிக்கு ஓடிப்போய், சுவர்ப்பக்கம் திரும்பி, முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்து இருமினாள்.

கெல்தூமிடம் போனது அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்று தடவை மாடிக்குப் போய், மூன்று தடவையும் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாலாவது தடவை கெல்தூமே மதிலருகே வந்தாள்.

"என்னடி, இன்னிக்கு நான் எதைக் கொண்டாந்தேன்னு பாக்கறியா?"

"உன் பையன்கிட்ட ஒண்ணுமில்லையாம்."

"தெரியும். நர்ஸ் சொன்னா."

"நான்தான்."

"அதுவும் தெரியும். தெருவுக்கே தெரியும், உனக்குத்தான் கடைசில தெரிஞ்சிருக்கு." ஒரு துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "பிள்ளை எப்படி இருக்கா?" என்றாள்.

"பால் குடிக்கறா."

"மாஷா அல்லாஹ்," என்றாள் கெல்தூம், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

குழந்தை வீட்டுக்கு வந்தது. இருமல் கூடவே வந்தது. குளிர் போகிறவரை இருந்தது. நாளுக்கு இருபது தடவை, பிறகு பத்து, பிறகு நாலைந்து. ஹானியா ஒவ்வொன்றையும் எண்ணினாள். ஷாமா திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மூச்சு திரும்புகிற சத்தம் கேட்கிறவரை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பாள். குழந்தையைக் கொடு என்று கேட்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் ஹானியாவே வாசலுக்கு வந்து, "நான் ரொட்டிக்கு மாவு பிசையணும் அக்கா, கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள். ஷாமா முழங்கைவரை கழுவினாள், இரண்டு தடவை. வாங்கிக்கொண்டபின் முகத்தை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அவள் குழந்தையைப் பிடிக்காமல் தூக்கி வைத்திருப்பதுபோல் இருந்திருக்கும்.

ஹம்மாமில் அவள் குணம் ஒன்றும் மாறவில்லை. கேள்வி ஒன்று கூடியது, அவ்வளவுதான். யாராவது மூட்டையை நீட்டிக்கொண்டே இருமினால், மூட்டையை வாங்காமல், "எத்தனை நாளா?" என்பாள்.

"நேத்துலேருந்து."

"நேத்துலேருந்து இருமறவ விலாவைப் பிடிச்சுக்கிட்டு இரும மாட்டா. வீட்டுல கைக்குழந்தை இருக்கா? யாராவது மாசமா இருக்காங்களா?"

"போலீஸா நீ?"

"கீழ பச்சைக் கதவு இருக்கு. நஸீஹான்னு ஒருத்தி. அவகிட்டப் போயிட்டு அப்புறம் இங்க வா."

இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு வேறு ஹம்மாமுக்குப் போனார்கள். முதலாளி வந்து கேட்டபோது, வாசலுக்கு வேறு ஆள் வைத்துக்கொள் என்றாள். அவன் வந்த வழியே போய்விட்டான்.

துரியாவுக்குத் தள்ளிப்போயிருந்த முதல் தடுப்பூசியைப் போடுகிற நாளில் ஷாமாவும் கூடப் போனாள். உடம்புக்கு வந்துவிட்டுப் போன நோய்க்கு எதற்கு ஊசி என்று வழி முழுக்க ஹானியாவைக் கேட்டாள். வந்தவர்களுக்கும் மறுபடி வரலாம், கூடவே அந்த ஊசியில் வேறு நோய்களுக்கும் மருந்து இருக்கிறது என்று ஹானியா மூன்று தடவை சொன்னாள். நஸீஹா மருந்துக்குப்பியை எடுத்ததும் ஷாமா கையை நீட்டினாள்.

"காட்டு. தேதி எங்க போட்டிருக்கு?"

நஸீஹா குப்பியை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். ஷாமா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள், எழுத்துக்கூட்டிப் படித்தாள், ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் குளிர்ச்சி இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்தாள்.

"சரி, போடு."

ஊசி ஏறியதும் துரியா அழுதாள். நடுவே ஒரு தடவைகூட இருமாமல், நிறுத்தாமல், வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ஹானியா சமாதானப்படுத்தப் போனாள்.

"விடு," என்றாள் ஷாமா. "கொஞ்ச நேரம் அழட்டும்."